பில் கவுண்டரில் கேட்கும் கைபேசி எண்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்குச் சேலை எடுத்தாலும் பில் போடும் இடத்தில் முதலில் கேட்பது கைபேசி எண்ணைத்தான். எண்ணைப் போட்டால்தான் கம்ப்யூட்டரில் பில் வரும் என்று ஊழியர் சொல்வார். பின்னால் வரிசை நீளுவதைப் பார்த்து வாடிக்கையாளரும் பத்து இலக்கங்களையும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிடுவார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியானதிலிருந்து, இப்படி எண் கேட்பதே இனிச் சட்டவிரோதம் என்று ஒரு சாராரும், இது கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய நிறுவனங்களுக்கான சட்டம், தெருக்கடைக்குப் பொருந்தாது என்று இன்னொரு சாராரும் புரிந்துவைத்திருக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. எண்ணைக் கேட்கலாம், கேட்பவர் சிறு கடைக்காரராக இருந்தாலும் சட்டம் அவரைக் கட்டும். எந்தக் காரியத்துக்காக எண் வாங்கப்பட்டது, அந்தக் காரியத்தோடு அதன் பயன்பாடு நின்றதா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஆனால் இங்கே பேசப்போகும் பிரிவுகளில் பெரும்பாலானவை நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில்தான்; அந்தக் கணக்கைக் கடைசியில் பார்ப்போம்.

சட்டம் வந்த வழி

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிராகக் கோரப்படுபவை; வாடிக்கையாளர் பட்டியலை விற்றுவிட்ட ஒரு கடைக்காரரை அந்தத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. ஆகவே தனிச் சட்டம் தேவைப்பட்டது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018 ஜூலையில் அறிக்கை தந்தது. 2019இல் வந்த மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போய், 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அதைவிட மிகச் சுருக்கமாகப் புதிதாக எழுதப்பட்ட மசோதா 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறி, அந்த மாதம் 11ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

அடிப்படைச் சொற்கள்

1. தனிநபர் தரவு: ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் இதில் அடங்கும். பெயர், கைபேசி எண், ஆதார் எண், புகைப்படம், கைரேகை, வாங்கிய பொருட்களின் பட்டியல் எல்லாமே இதில் சேரும். இவற்றுள் முக்கியமானது, முக்கியமற்றது என்ற தரவரிசை எதையும் இந்தச் சட்டம் வைக்கவில்லை.

2. தரவுக்கு உரியவர்: அந்தத் தகவல் யாரைப் பற்றியதோ அவர். 18 வயது நிறையாதவர் என்றால் அவருடைய பெற்றோரும் சட்டப்படியான பாதுகாவலரும் இதில் அடங்குவர்.

3. தரவுப் பொறுப்பாளர்: எந்த நோக்கத்துக்காக, எந்த முறையில் தகவலைக் கையாள்வது என்று தீர்மானிப்பவர். நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒற்றை ஆள் நடத்தும் கடையும் தரவுப் பொறுப்பாளரே.

4. செயலாக்குபவர்: பொறுப்பாளரின் சார்பில் தகவலைக் கையாள்பவர். துணிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் தந்து, அதன் தரவைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனம் இந்த வகை. அங்கே தகவல் கசிந்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டாலும் அது மாறாது.

சட்டத்தின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும், தாளில் வாங்கிப் பின்னர் டிஜிட்டலாக மாற்றப்பட்ட தகவலுக்கும் மட்டுமே இது பொருந்தும். ராயபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் நீள நோட்டில் எழுத வைத்தால் அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதே தகவலை ஒரு செயலியில் பதிந்து புகைப்படமும் எடுத்தால் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவர் தன் எண்ணைத் தானே சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தால், அந்த எண்ணுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வீட்டுக் காரியங்களுக்காகத் தனிமனிதர் வைத்திருக்கும் தொடர்புப் பட்டியலுக்கும் சட்டம் பொருந்தாது.

இரண்டு வழிகள், ஒரே அளவுகோல்

தகவலைக் கையாளச் சட்டம் இரண்டே வழிகளைத் திறந்துவைக்கிறது. ஒன்று சம்மதம், மற்றொன்று, சம்மதம் இல்லாமலே செய்யலாம் என்று 7ஆவது பிரிவு பட்டியலிடும் சில நியாயமான பயன்பாடுகள்.

சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் தெரிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமில்லாமலும், தெளிவான ஒரு செயலின் மூலமும் தரப்பட வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம், பேசாமல் இருந்ததே ஒப்புதல் என்ற வாதம், இவை இந்த வரையறையில் தேறமாட்டா. சம்மதம் கேட்பதற்கு முன் அல்லது கேட்கும்போது ஓர் அறிவிப்பு தர வேண்டும். என்னென்ன தகவல், எந்த நோக்கத்துக்கு, சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, யாரிடம் புகார் செய்வது என்பவை எளிய மொழியில் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்கும் தெரிவைத் தர வேண்டும் என்பதால், தமிழில் கேட்டால் தமிழில் தந்தாக வேண்டும். சம்மதம் தந்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். தகராறு வந்தால், அறிவிப்பு தந்து முறையாகச் சம்மதம் வாங்கினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது, வாடிக்கையாளருடையது அல்ல.

ஆனால் இவற்றையெல்லாம்விட வலுவான வரி வேறொன்று: குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ ஆலோசனைக்காகத் தகவல் கேட்பதோடு, போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் அனுமதி கேட்கிறது. பயனாளர் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிடுகிறார். ஆலோசனை தருவதற்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை; ஆகவே அவர் சரி என்று அழுத்தியிருந்தும் அந்தப் பகுதிக்கான சம்மதம் செல்லாது. படிக்காமல் அழுத்துகிறவரையும் ஓரளவு காப்பாற்றும் ஏற்பாடு இது. நாம் எல்லோருமே படிக்காமல் அழுத்துகிறவர்கள் என்பதால், சட்டத்தின் மிகப் பயனுள்ள வரி இதுவே என்பது என் கணிப்பு.

இப்போது கைபேசி எண்ணை எடுத்துக்கொள்வோம். 7ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, ஒருவர் குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தானாக முன்வந்து தகவல் தந்து, அதைப் பயன்படுத்துவதில் தனக்குச் சம்மதமில்லை என்று தெரிவிக்காதவரை, அந்த நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. இங்கே சட்டம் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு மருந்துக்கடை: பணம் செலுத்தியதற்கான ரசீதைக் குறுஞ்செய்தியாக அனுப்பும்படி கேட்டு வாடிக்கையாளர் எண் தருகிறார், கடை ரசீதை அனுப்ப அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். அதற்குத் தனி அறிவிப்போ சம்மதப் படிவமோ வேண்டியதில்லை. இதை நம் துணிக்கடைக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்று நிலைகள் தெரிகின்றன.

1. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்ப எண் கேட்பது, வாடிக்கையாளர் விரும்பித் தந்தால், தவறில்லை.

2. அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்புவது வேறு நோக்கம். அதற்குத் தனியாகக் கேட்டு, தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

3. அந்த எண்களின் பட்டியலைச் சீட்டு நிறுவனத்துக்கோ மனை விற்பவருக்கோ கொடுப்பது இந்த இரண்டு நோக்கங்களிலும் சேராது. பில்லுக்காகத் தந்த எண் அங்கே போனால், கடை சட்டத்தை மீறியதாகிறது.

எண் தராவிட்டால் பில் போடமாட்டோம் என்று நிற்பது நான்காவது நிலை. வற்புறுத்தி வாங்கிய எண்ணைத் தானாக முன்வந்து தந்தது என்று சொல்ல முடியாது. இதற்கு இந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை: கைபேசி எண் தர மறுப்பவருக்கு விற்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கடைகளிடம் ஏற்கெனவே குவிந்துகிடக்கும் பழைய எண்கள் என்ன ஆகும்? சட்டம் நடைமுறைக்கு வருமுன் சம்மதம் பெற்றிருந்தால், பின்னர் இயன்ற விரைவில் அறிவிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். உரியவர் திரும்பப் பெறும்வரை பயன்பாட்டைத் தொடரலாம். சம்மதமே பெறாமல் சேர்த்த பட்டியலுக்கு இந்தச் சலுகை கிடையாது. பல கடைகளின் பட்டியல் இந்த இரண்டாம் வகைதான்.

ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர்

பெரிய நிறுவனங்களின் தரவுக் கசிவுகளைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பிரிண்ட் எடுக்க வருபவர் தன் ஆதாரையும் பான் கார்டையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் வெப் திரையின் இடப்பக்கத்தில், காலையிலிருந்து வந்தவர்களின் எண்களும் அவர்கள் அனுப்பிய கோப்புகளும் வரிசையாகத் தெரிகின்றன. பிரிண்ட் எடுத்த கோப்பு டவுன்லோட் ஃபோல்டரில் அப்படியே கிடக்கிறது. சில மாதத்தில் ஒரு வட்டாரத்தின் அடையாள ஆவணங்களில் கணிசமான பகுதி, கடவுச்சொல் கூட இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் சேர்ந்துவிடுகிறது.

இந்தச் சட்டத்தின்படி அந்தக் கடைக்காரர் தரவுப் பொறுப்பாளர். வாடிக்கையாளர் ஆவணத்தைத் தந்த நோக்கம் பிரிண்ட் எடுப்பது. அது முடிந்ததும், வேறு சட்டமோ விதியோ வைத்திருக்கச் சொல்லாத நிலையில், கோப்பை அழித்துவிட வேண்டும் என்பது 8ஆவது பிரிவின் கட்டளை. அதற்கு மேல், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். விதிகள் இவற்றை விவரிக்கும்போது மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றுவது), அணுகல் கட்டுப்பாடு, யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவு, அந்தப் பதிவை ஓராண்டு வைத்திருத்தல் என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. இரண்டு மெஷின் வைத்துப் பிழைக்கும் கடைக்காரரால் இவற்றைச் செய்ய முடியும் என்று விதிகளை எழுதியவர்களே நம்பியிருக்கமாட்டார்கள். தகவலின் அளவையும் தன்மையையும் பார்த்துச் சில வகைப் பொறுப்பாளர்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்களிக்க 17ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அங்கே விலக்கக்கூடியவற்றின் பட்டியலில் பாதுகாப்பு ஏற்பாட்டுக் கடமை இல்லை. அந்தப் பட்டியலில் அதைச் சேர்க்காதது சரியே. சிறு கடைக்கு அது எந்த அளவில் போதும் என்று சொல்லாமல் விட்டதுதான் குறை.

ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர் தானே செய்துகொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அடையாளத்தைக் காட்டினால் போதும் என்கிற பல இடங்களில் அதுவே போதுமானது.

சம்மதம் கேட்கப்படாத இடங்கள்

மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் செல்லும் தொழிலாளர்களின் வருகைப் பதிவு இப்போது பெரும்பாலும் கைரேகையிலோ முகப்பதிவிலோ நடக்கிறது. இதற்கு அவர்கள் சம்மதம் வேண்டுமா? வேண்டாம். வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதும் 7ஆவது பிரிவின் நியாயமான பயன்பாடுகளில் வருகின்றன.

இதன் விளைவு சம்மதத்தோடு நிற்பதில்லை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கும் உரிமையை 11ஆவது பிரிவும், திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை 12ஆவது பிரிவும் தருகின்றன. ஆனால் இவை இரண்டும் சம்மதம் தந்தவருக்கும், மருந்துக்கடை எடுத்துக்காட்டில் வருவதுபோலத் தானாகத் தகவல் தந்தவருக்கும் மட்டுமே உரியவை. துணிக்கடை வாடிக்கையாளர் தன் எண்ணை அழிக்கச் சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய தொழிலாளி தன் கைரேகையை அழிக்கச் சொல்ல இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. கைபேசி எண்ணையாவது மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியாது. எது ஆபத்தான தகவலோ அதற்கு உரிமை குறைவாக இருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய கோணல். நோக்கம் முடிந்தபின் அழிக்க வேண்டும் என்ற பொதுக் கடமையும், பாதுகாப்புக் கடமையும், குறைதீர்ப்புக்குப் போகும் உரிமையும் தொழிலாளிக்கு எஞ்சுகின்றன.

மானியம், உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றை அரசு வழங்கும்போதும் சம்மதம் தேவையில்லாத நிலைகள் உண்டு. நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகள் சிலவற்றை முழுவதுமாக விலக்கவும் வழி இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

சிறுவர்களும் கடன் செயலிகளும்

18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கல்வி நிறுவனங்கள் கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் செய்யும் கண்காணிப்புக்கு விதிகளில் விலக்கு உண்டு. மதிப்பெண் பட்டியலை மாணவர் புகைப்படத்தோடு விளம்பரமாக்கும் டியூஷன் மையம் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

உடனடிக் கடன் செயலிகளைப் பொறுத்தவரை, போனில் உள்ள தொடர்புகள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போன் செய்து அவமானப்படுத்தும் செயலிகள் அதை ஏற்கெனவே மீறுகின்றன. புதிய சட்டம் கூடுதலாகத் தருவது ஒன்று: அந்தச் சொந்தக்காரரும் தன்னளவில் தரவுக்கு உரியவரே, அவருடைய எண்ணைப் பயன்படுத்தக் கடன் வாங்கியவர் தந்த சம்மதம் போதாது.

அபராதம் யாருக்குப் போகிறது?

பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை, கசிவை அறிவிக்கத் தவறினால் 200 கோடி வரை, சிறுவர் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி வரை, சட்டத்தின் அபராத அட்டவணையில் தனியாகச் சொல்லாத பிற மீறல்களுக்கு 50 கோடி வரை அபராதம் விதிக்கலாம். இவை உச்சவரம்புகள். மீறலின் தன்மை, எவ்வளவு காலம் நீடித்தது, என்ன லாபம் கிடைத்தது, சரிசெய்ய என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பார்த்தே, இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையைத் தீர்மானிக்கும். ஆகவே ஜெராக்ஸ் கடைக்கு 250 கோடி என்ற பேச்சில் பொருளில்லை.

கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்; வாரியத்துக்கு உடனே தகவல் தந்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். பாதிக்கப்பட்டவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியை முயன்று பார்த்துவிட்டே வாரியத்துக்குப் போக முடியும். நிறுவனம் பதில் தர விதிகள் அனுமதிக்கும் உச்சக் காலம் 90 நாள். வாரியத்தின் முடிவின்மேல் டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். பொய்யான அல்லது அற்பமான புகார் போன்ற கடமை மீறல்களுக்காகப் புகார்தாரர் மீதே 10,000 ரூபாய் வரை அபராதம் விழவும் இடமுண்டு.

இவ்வளவும் முடிந்து வசூலாகும் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் கசிந்து பணத்தையோ நிம்மதியையோ இழந்தவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இப்போது இழப்பீடு கோர வழி இருக்கிறது. புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது.

எப்போது நடைமுறைக்கு வருகிறது?

2025 நவம்பர் அறிவிக்கையின்படி சட்டம் மூன்று கட்டமாக வருகிறது.

1. உடனடியாக: வரையறைகள், வாரியத்தை அமைப்பது தொடர்பான பிரிவுகள்.

2. ஓராண்டு கழித்து, 2026 நவம்பரில்: பல நிறுவனங்களுக்குத் தந்த சம்மதங்களை ஒரே இடத்தில் நிர்வகிக்க உதவும் இடைநிலை நிறுவனங்களின் பதிவு.

3. பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்: அறிவிப்பு, சம்மதம், பாதுகாப்பு, கசிவு அறிவிப்பு, அழித்தல், உரிமைகள் என்று இதுவரை இங்கே பேசிய கிட்டத்தட்ட எல்லாமே.

உடனடியாக வந்தவற்றில் இன்னொன்றும் உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. பொதுநலன் கருதி வெளியிட அனுமதிக்கும் 8(2) பிரிவு அப்படியே இருந்தாலும், அதிகாரியிடம் கேள்வி கேட்பதைக் கடினமாக்கும் மாற்றத்துக்கு ஒரு நாள் அவகாசமும் தேவைப்படவில்லை. கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் உரிமைக்கு மட்டும் பதினெட்டு மாதம்.

அதுவரை கையில் இருப்பவை இவை. தேவையற்ற விளம்பர அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் 1909 என்ற தொலைபேசி எண். தகவல் கசிந்து பணமோசடி நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண். எண் தராததால் விற்க மறுத்தால் நுகர்வோர் ஆணையம். கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவப் பதிவு, கைரேகை போன்ற உணர்திறன் மிக்க தகவலை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கையாண்டு இழப்பு ஏற்பட்டிருந்தால், 43ஏ பிரிவின் கீழ் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம், அவர் தீர்ப்பளிக்கும் அலுவலர் என்ற முறையில், 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரி மனுச் செய்யலாம். தனிநபர் நடத்தும் வணிகமும் இந்தப் பிரிவில் அடங்கும். ஆனால் வெறும் கைபேசி எண் அந்த உணர்திறன் பட்டியலில் இல்லை. 43ஏ பிரிவை நீக்கும் திருத்தமும் அதே பதினெட்டு மாதக் கட்டத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது என்பதால், கைரேகையோ வங்கி விவரமோ கசிந்து இழப்பைச் சந்தித்தவர்கள் மனுவை 2027 மே மாதம்வரை தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.